உயிரோடிருக்கும் ராஜாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

திருப்பதி,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு ரூபாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவர் முழங்கால் வலி மட்டும் கூடவே இருக்கிறது, அதை நலத்தில் சேர்ப்பதா சேர்க்காமல் விடுவதா என்று தெரியவில்லை. நீயும் மருமகன் திலீப்பும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மலைமேல் இருப்பவரையும் கீழே இருக்கிற கங்கம்மாவையும் கேட்டுக்கொண்டுதான் தினமும் டிபன் வண்டி அடுப்பைப் பற்றவைக்கிறேன். போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு பேச்சை ஆரம்பித்தால் உன் நைனா பிடுங்கிக்கொண்டு "இன்னாம்மா துன்ன, தூங்கினியா" என்று விசாரித்து முடிப்பதற்குள் உனக்கு டூட்டி நேரம் வந்துவிடுகிறது, நான் சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால் எழுதிவிட்டேன். கிரண் சித்தூரிலிருந்து வந்திருக்கிறான், இந்தப் பக்கங்களை அவனே படம் எடுத்து உனக்கு அனுப்புவான். உன் தம்பி படித்துவிடுவானோ என்ற பயம் எனக்கு இல்லை, தெலுங்கு மீடியத்தில் படித்தவனுக்குத் தமிழில் தன் பெயரையே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருகிறது. நீயாவது சத்தியவேடு பக்கம் நம்ம ஊரில் இருந்தவரை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், அது இப்போது எனக்கு உதவுகிறது.

ரூபா, நீ போன மாதம் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இங்கிலாந்து நாட்டுக் குடிமகளாக ஆகப் போகிறேன், அடுத்த மாதம் ஒரு ஆபீஸில் பத்துப் பேரோடு நின்று ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும், பிறகு நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், "நீ சரின்னு சொன்னாத்தாம்மா போவேன்" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிக்க இன்னாம்மா கீது, சும்மா நாலு வார்த்த, எல்லாரும் சொல்றாங்க" என்றாய். அந்தச் சும்மாவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அன்று முதல் வண்டிக்கு இட்லி சாப்பிட வருகிறவர்களிடம் எல்லாம் அந்த ராஜா எப்படிப்பட்டவர், என்ன குணம், என்ன குடும்பம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெண் கொடுக்கப் போகும் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பதில்லையா, அப்படித்தான். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னால் பெண்ணைப் பெற்றவள் என்ன செய்வாள்.

நீ சொன்னதை எல்லாம் வைத்துப் பார்த்தாலும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கிற மார்கரெட் அம்மா, காலமான ராணியம்மாவின் படத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புது ராஜாவை இன்னும் அந்தப் பையன் என்றுதான் சொல்வார் என்றாய். எழுபது தாண்டியவர் பையனா. சுரங்கத்தில் வேலை செய்த ஆர்தர் தாத்தா, ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட ஊரே ஏன் உழைக்க வேண்டும் என்று கேட்டு, முடிசூட்டிய நாளில் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார் என்றாய், ஆனால் கேக் வந்ததும் வாங்கித் தின்றாராம். உன்னோடு வேலை செய்கிற சின்னப் பெண்களுக்கு ராஜா இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான், லீவு விட்டால் போதுமாம். ஒரு கூட்டம் நீ எங்கள் ராஜா இல்லை என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு கத்துகிறது, அதே தெருவில் இன்னொரு கூட்டம் அவர் வண்டி போவதைப் பார்க்க முதல் நாளே கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறது. இதில் அவரைப் பிடித்திருக்கிறது என்பதா, பிடிக்கவில்லை என்பதா. எனக்குக் கங்கம்மா ஜாத்திரைதான் நினைவுக்கு வந்தது. அதில் பண்ட வேஷம் போடுகிற நாளன்று உடம்பெல்லாம் குங்குமம் பூசிக்கொண்டு வந்து அம்மாவையே வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள், அடுத்த நிமிஷம் அவள் எதிரிலேயே விழுந்து கும்பிடுகிறார்கள். அங்கேயும் இப்படி ஏதாவது வேண்டுதல் இருக்குமோ என்று உன் நைனாவிடம் கேட்டேன். "அவுங்களுக்கு ஏது ஜாத்திர, நீ சட்னிய அர" என்றார்.

இந்த லட்சணத்தில்தான் நீ அந்தப் படத்தை அனுப்பினாய். போன ஞாயிறு விடிகாலையில் மாவுப் பாத்திரத்தை வண்டியில் ஏற்றிவிட்டுப் போனைத் திறந்தால், ராஜாவின் பெரிய படம், சட்டத்தைச் சுற்றிப் பூமாலை, முன்னால் வரிசையாக விளக்குகள் எரிகின்றன, பின்னால் நாற்காலிகளில் கிழவர்களும் கிழவிகளும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் தலையிலும் காகிதக் குல்லா. கீழே ஒரு வார்த்தை எழுதினாயா நீ. நீயே சொல்லு, நம்ம பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு யாராவது இப்படி மாலை போட்டு விளக்கு வைப்பார்களா, அந்தக் குல்லாவை அவர்களுடைய துக்க வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பிறந்த நாள் பார்ட்டி என்றும், அது உங்கள் இல்லத்துப் பாட்டிகள் வெட்டி ஒட்டிய காகிதப் பூ என்றும், விளக்கு பேட்டரி விளக்கு என்றும், சாப்பிட்ட மயக்கத்தில் அவர்கள் தூங்கி வழிந்தார்கள் என்றும் எனக்கு எப்படித் தெரியும். படத்தை அனுப்பிவிட்டு நீயும் படுத்துவிட்டாய், பிறகு டூட்டி, போன் எடுக்கவில்லை. அதற்குள் இங்கே நடந்ததை நீ முழுசாகக் கேட்டதில்லை.

நான் அடுப்பைக் கூடப் பற்றவைக்காமல் "ராஜா பூட்டாரு" என்று உன் நைனாவிடம் சொன்னேன். லாட்ஜில் இரவு வாட்ச்மேன் வேலை முடிந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர், எழுந்து தோளில் இருந்த துண்டை எடுத்துவிட்டு நின்றார். முதல் இட்லி வேகுமுன் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆட்டோ வேணு வந்து, "இன்னாக்கா சொல்ற, அய்யோ பாவம், எழுபது வயசுக்கு மேல வேல கெடச்சிது, நல்லா ஒக்காந்து ரெண்டு நாளு சோறு துன்றதுக்குள்ள பூட்டாரே" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டான். எல்.ஐ.சி. ஏஜெண்ட் தமிழரசு சாரை உனக்குத் தெரியும், வெள்ளைக்காரன் பேச்சை எடுத்தாலே நம்மிடமிருந்து என்னென்ன கொண்டு போனான் என்று கணக்குச் சொல்கிறவர், அவரே பொங்கல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "போனவரைப் பத்திக் குத்தம் பேசக் கூடாதும்மா, நல்ல மனுஷன், செடிகொடி மேல ரொம்பப் பிரியமாம்" என்றார். வேணு போனைத் தேய்த்துப் பார்த்து, நியூஸில் ஒன்றும் வரவில்லையே என்றான். உன் நைனா விடுவாரா, "பெரிய மனுசங்க சாவ ஒடனே சொல்ல மாட்டாங்கடா, நாலு நாளு மறைச்சி வெச்சிக்கினு அப்பறமாத்தான் சொல்லுவாங்க, எம் பொண்ணு உள்ளேருந்து அனுப்பிச்சிகீது" என்று சொல்லிவிட்டார். உள்ளே என்றால் என்ன உள்ளே, நீ அரண்மனையிலா இருக்கிறாய். யாரும் கேட்கவில்லை, கேட்கிற நேரமா அது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷன் தூங்கப் போகாமல் நேராகக் கோகுலகிருஷ்ணனின் பிளெக்ஸ் கடைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் கதவைத் தட்டித் திறக்க வைத்து, ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் அடித்துக்கொண்டு வந்துவிட்டார். மேலே ராஜா படம், பக்கத்தில் தெலுங்கில் கன்னீட்டி நிவாளி, தமிழில் கண்ணீர் அஞ்சலி, கீழே அன்னாரின் ஆத்மா சாந்தியடைய ஏழுமலையானைப் பிரார்த்திக்கும் துலுக்காணம் குடும்பத்தார் என்று தன் பெயர், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், அதற்குக் கீழே வட்டத்துக்குள் நர்ஸ் யூனிபார்மில் உன் படம், இங்கிலாந்து ரூபா என்று. வேணு தேங்காய் உடைத்தான். கற்பூரம் ஏற்றினார்கள். ராணியம்மா போனபோது நம்ம நாட்டில் கொடியையே அரைக் கம்பத்தில் இறக்கினார்கள், இவருக்கு முதல் மரியாதை திருப்பதியில் நம்ம தெருவில்தான் என்று உன் நைனாவுக்குப் பெருமை வேறு, துக்கமா பெருமையா என்று முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை.

இப்போது சொல்லப் போவதைப் படித்து நீ என்னைத் தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ பாவம் என்று வாய் சொன்னது, மனசு அப்பாடா என்றது. சத்தியம் வாங்குகிறவரே போய்விட்டார், இனி என் பெண் யாருக்குச் சத்தியம் செய்வாள், பாஸ்போர்ட் நம்மிடமே இருக்கும், கொஞ்ச நாள் போனால் போதும் என்று திரும்பி வந்துவிடுவாள் என்று சின்னப் பிள்ளை மாதிரி கணக்குப் போட்டுவிட்டேன். அன்று வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலேயே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். பூக்காரியை நிறுத்தி மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன், துக்கம் விசாரித்த கையோடு எந்தப் பொம்பளையாவது பூ வைப்பாளா. எங்கோ ஒரு வீட்டில் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இருக்கிற ஒரு வயசானவர் செத்தார் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன் ரூபா, அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார். அதுவரை உனக்குச் சரி என்று சொல்வதா வேண்டாம் என்று சொல்வதா என்று தெரியாமல் இருந்தவளுக்கு, என் மனசு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தச் சந்தோஷமும் இரண்டாம் ஈடு இட்லி வரைக்கும்தான். தமிழரசு சாரிடம், இனி அங்கே சத்தியம் எல்லாம் கிடையாது இல்லையா என்று சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டேன். அவர் சிரித்தார். ராஜா கண்ணை மூடிய அந்த நிமிஷமே பிள்ளை ராஜா ஆகிவிடுவார், நடுவில் ஒரு நொடி கூட நாற்காலி காலியாக இருக்காது, அந்தச் சத்தியத்திலேயே அவருக்கும் அவருக்குப் பின்னால் வரும் வாரிசுகளுக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது என்று போனில் எடுத்து வாசித்துக் காட்டினார். எனக்கு மறுபடியும் குழப்பம். அப்படியானால் சத்தியம் அந்த மனுஷனுக்கா, நாற்காலிக்கா. நாற்காலிக்கு என்றால் இவர் படத்தை ஏன் மாட்டி வைக்க வேண்டும். மனுஷனுக்கு என்றால் இன்னும் பிறக்காத பிள்ளைக்கெல்லாம் இப்போதே எப்படி விசுவாசமாக இருப்பது, அது நல்லதாகப் பிறக்குமோ எப்படிப் பிறக்குமோ. நம்ம பக்கம் ஆட்சி மாறினால் பள்ளிக்கூடச் சுவரின் நிறம் மாறும், நிலத்துப் பாஸ் புத்தகத்தில் முதலமைச்சர் படம் மாறும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நாமும் மாற்றிப் பேசிக்கொள்ளலாம். அங்கே காசில் முகம் மாறினாலும் ஆளுகிற வீடு மாறாது போலிருக்கிறது.

சாயங்காலம் நீ போன் செய்து, ராஜா நன்றாக இருக்கிறார், அது பிறந்த நாள் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன், என் சிரிப்பு உனக்குச் சரியாகக் கேட்டிருக்காது. அதிலும் அவர் நிஜமாகப் பிறந்தது நவம்பர் மாதமாம், ஊருக்காகக் கொண்டாடுவது ஜூன் மாதமாம். இது ஒன்றுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது. உன் நைனாவும் பொங்கல் கழித்துப் பிறந்தவர்தான், ஹெட்மாஸ்டர் பார்த்து ஜூலை ஒன்று என்று போட்டுவிட்டார், ராஜாவுக்கும் அப்படி யாரோ ஒரு ஹெட்மாஸ்டர் இருந்திருப்பார் போல.

அதற்குப் பிறகு தெருவில் நடந்ததைக் கேள். பேனரைக் கழற்றலாம் என்றால் உன் நைனா மாட்டேன் என்கிறார், அடித்தது அடித்ததுதானாம். கடைசியில் கோகுலகிருஷ்ணனே வந்து, "மாமா, சாவு பிளெக்ஸுக்கும் பர்த்டே பிளெக்ஸுக்கும் ரெண்டு லைன்தான் வித்தியாசம், அடிச்சிகினு வந்து ஒட்டிட்டா போச்சு" என்று கன்னீட்டி நிவாளி மேல் ஜன்மதின சுபாகாங்க்ஷலு என்றும், கண்ணீர் அஞ்சலி மேல் பிறந்த நாள் வாழ்த்து என்றும் ஒட்டிவிட்டுப் போனான். ஆத்மா சாந்தியடைய என்பதை மறைக்க மறந்துவிட்டான், அது அப்படியே இருக்கிறது. செத்துவிட்டார் என்றபோது அழாத குறையாக நின்றவர்கள், இருக்கிறார் என்றதும் ஏமாந்துபோனவர்கள் மாதிரி கோபப்பட்டார்கள். வேணு, "நா ஒடச்ச தேங்காய்க்கு இன்னா பதிலு" என்றான். தமிழரசு சார் நல்ல மனுஷன் என்று சொன்ன வாயாலேயே, "உயிரோட இருக்காரா, அப்ப எடுத்துக்கிட்டுப் போனதை எப்பத் திருப்பித் தருவாராம், உங்க பொண்ணை விட்டுக் கேக்கச் சொல்லுங்க" என்றார். ஒரே மனுஷன், ஒரே நாள், காலையில் ஒரு அபிப்பிராயம், மாலையில் ஒரு அபிப்பிராயம். இவர்களை நம்பி நான் விசாரித்தேன் பார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கும் உன் நைனாவுக்கும் சண்டை. அவருடைய தாத்தா ஜமீன் வீட்டு வாசலில் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர், கையில் ஒரு சாண் நிலம் கிடையாது, நிமிர்ந்து பார்த்தால் அடி. அங்கேயிருந்து ஏறி வந்து, கால் காணி நிலம் வாங்கி, உன்னை நர்ஸ் படிக்க வைத்து, இப்போது படித்த பெண் கடல் தாண்டிப் போய் இன்னொரு ஜமீனுக்குக் கும்பிடு போட வேண்டுமா, அதற்குத் துண்டை எடுத்துவிட்டு நிற்கிறீர்களே உங்களுக்கு ரோஷம் இல்லையா என்று கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எங்க தாத்தாவ இஸ்துகினு போய் நிக்க வெச்சாங்க. இது நம்ம பொண்ணு தானா நடந்து போய்க் கேக்கறது. சத்தியம் செஞ்சா அந்த ஊரு மேயரு கை குடுப்பாராமே, எங்க தாத்தா கைய எவன் தொட்டான்" என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கிறது, நான் சொன்னதும் தப்பாக இல்லை.

மறுநாள் ஸௌரிராஜன் சுவாமி பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தார், கோயிலில் பாசுரம் சேவிக்கிற பெரியவர், அவர் மகன் ஸ்ரீகிருஷ்ணா அமெரிக்காவில் குடிமகன் ஆகிவிட்டவன். அவரிடம் கேட்டேன். பால் பாக்கெட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "போன தடவை வந்தான் பொன்னியம்மா. பொறந்த ஊர், தாத்தா காலத்துலேர்ந்து சேவிச்ச பெருமாள், அவன் வெளிநாட்டுலேர்ந்து வர்றவா வரிசையில போய் நின்னான். எப்படிடா இருந்ததுன்னு கேட்டேன். சீக்கிரம் ஆயிடுத்துப்பான்னான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கச் சொன்னாரா அழச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீயும் நாளைக்கு வந்து மலையில் அந்த வரிசையில் நின்றால் நான் எந்த வரிசையில் நிற்பது.

மற்றபடி வீட்டுச் செய்தி என்றால், கிரணுக்குச் சித்தூர் மாம்பழக் கூழ் கம்பெனியில் இப்போது சீசன், வந்த இடத்திலும் உட்கார்ந்தபடியே தூங்குகிறான், சட்டையெல்லாம் தோத்தாபுரி வாசனை. அவன் பெண்டாட்டி ரோஹிணிக்கு இது ஐந்தாம் மாதம், புளிப்பாக எதைக் கண்டாலும் விடுவதில்லை, ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். நம்ம ஊர் நிலத்தில் இந்தத் தடவை வேர்க்கடலை சுமார்தான். நீ ஆர்தர் தாத்தாவைத் தனியாகத் தூக்கிக் குளிக்க வைக்கிறேன் என்றாயே, இடுப்பு போய்விடும், இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக்கொள். ராத்திரி டூட்டிக்குப் போகுமுன் பிரெட்டைக் கடித்துக்கொண்டு ஓடாமல் சோறு சாப்பிட்டுவிட்டுப் போ.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை ரூபா. ஒருவர் செத்தார் என்று கேட்டுப் பூ வைத்துக்கொள்கிற அளவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இந்த ஒரு வாரமாக அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மார்கரெட் அம்மா அவரைப் பையன் என்கிறார், ஆர்தர் தாத்தா முதுகைக் காட்டுகிறார், சின்னப் பெண்கள் லீவு கேட்கிறார்கள். திட்டினாலும் வாழ்த்தினாலும் அவர் அவர்களுடைய வீட்டு ஆள். நீ ஒருத்திதான் இரண்டும் செய்ய உரிமை இல்லாமல், படத்திலும் இல்லாமல், எதிரில் நின்று படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாய். அவர்களுடைய மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளுகிற பிள்ளை, ஒவ்வொரு தடவையும் விசா நீட்டிப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்து பயந்து போன் செய்வாயே, அந்தக் குரல் எனக்கு நினைவிருக்கிறது. அதை நினைத்தால் வேண்டாம் என்று எழுதக் கை வரவில்லை. அதனால் சரி என்று சொல்கிறேன். போய்ச் செய்.

ஆனால் சும்மா செய்யாதே. சாமி பேரைச் சொல்லியும் செய்யலாம், சொல்லாமலும் செய்யலாம் என்று தமிழரசு சார் சொன்னார். எது வேண்டுமானாலும் செய்துகொள். நாலு வார்த்தைதானே, எல்லாரும் சொல்கிறார்களே என்று மட்டும் சொல்லாதே. நம்ம வீட்டில் வாயால் சொல்லிவிட்டால் அது முடிந்த பேச்சு, உன் நைனா என் அப்பாவிடம் இவளைப் பட்டினி போட மாட்டேன் என்று ஒரு வார்த்தைதான் சொன்னார், வேலை இல்லாத நாளில் தான் சாப்பிடாமல் இருந்தாவது அதைக் காப்பாற்றினார். நீ அந்த ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்றால் இருந்துவிடு, முடியாது என்று தோன்றினால் அந்தப் படி ஏறாதே. பொய்ச் சத்தியம் செய்து எனக்காக மனசின் ஒரு மூலையை ஒளித்துவைத்துக்கொண்டு வராதே, எனக்கு அப்படிப்பட்ட மூலை வேண்டாம். முழுசாக அவர்கள் ஊர்க்காரியாக இரு, அது எனக்கு வலிக்கும், வலித்தால் வலிக்கட்டும். அந்த ராஜாவும் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும், நான் பட்ட சந்தோஷத்துக்கு மன்னிப்பாக மலைப் பக்கம் திரும்பி அவர் பேருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டேன்.

நீயும் மருமகனும் குறைவில்லாமல் இருங்கள், உன் கை தொட்ட கிழவர்கள் எல்லாம் நோயில்லாமல் இருக்கட்டும், உன் வயிறு சீக்கிரம் குளிரட்டும். சத்தியம் செய்யும் நாளில் உன்னிடம் இருக்கிற பச்சைப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு போ, அந்த மேயருக்கு நேராகப் பார்த்துக் கை கொடு. மறக்காமல் ஒரு காரியம் மட்டும் செய். நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்பது நம்ம நாடுதானாம், அந்த ராஜா எதையும் கேட்கவில்லையாம். அந்தச் சத்தியத்தைத் தமிழரசு சாரை முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன், பிறகு தெலுங்கிலும் சொல்லச் சொன்னேன். ராஜாவுக்கு உண்மையாக இருப்பேன், சட்டத்தை மதிப்பேன் என்று இருக்கிறது, பெற்றவளை விட்டுவிடுகிறேன் என்று இரண்டிலும் எங்கேயும் இல்லை. இங்கிலீஷிலும் இல்லைதானே, நீயே ஒருமுறை நன்றாகப் படித்துப் பார்த்து எனக்குச் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
து. பொன்னியம்மா